மக்காச்சோளத்துக்குள் குனிந்த ஆள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லலாம் என்று தள்ளிவைத்தால் சொல்லாமலே விட்டுவிடுவேன். என் சுபாவம் அப்படி. எங்கள் வீட்டுத் தோட்டத்தில் விடியற்காலையில் ஒரு ஆண் ஒளிந்திருந்தான் என்று இந்த மேட்டில் ஒரு பேச்சு ஓடுகிறது. அவன் என் அம்மாவைத் தேடி வந்தவன் என்பது அந்தப் பேச்சின் மீதிப் பாதி.

அந்த ஆண் நான்தான்.

என் பெயர் நியாகியோ. பெண். வயது பதினாறு. (வயதை எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் சின்னப் பிள்ளைதானே என்று நீங்கள் மன்னித்துவிடக் கூடாது.)

நாளை சனிக்கிழமை. அதற்குள் இதற்கு ஒரு முடிவு வேண்டும். அம்மா ஓடைக்குத் துணி துவைக்கப் போயிருக்கிறாள். அடுப்பில் மக்காச்சோளமும் பீன்ஸும் வேகின்றன. சோளம் பழசு, சீக்கிரம் வேகாது. அது வேகும்வரை எழுதலாம்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: "பனி விலகாத மலைச்சரிவில் சூரியன் தன் பொற்கரங்களை நீட்டி—"

(அடித்துவிட்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்குச் சூரியனின் கரங்கள் எதற்கு? அதுவுமில்லாமல், குரங்குகள் வரும் நேரத்தில் இங்கே சூரியனே இருப்பதில்லை.)

இரண்டாவது: "ஒரு மேட்டில் ஒரு பெண் இருந்தாள். அவளுக்குக் கணவன் இருந்தான். ஆனால்—"

(அந்த "ஆனால்" வந்ததும் பேனா நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எழுத வேண்டியதை எங்கள் வீட்டில் நாங்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. அம்மா சொல்லாததை நான் எப்படி எழுதுவது?)

மூன்றாவது: "குரங்குகள் பெண்களுக்குப் பயப்படுவதில்லை."

இது இருக்கட்டும்.

3

குரங்குகள் பெண்களுக்குப் பயப்படுவதில்லை. இந்த மேட்டில் இதை யாரும் சந்தேகிப்பதில்லை. ஒரு ஆண் வாசலில் நின்று இருமினால் போதும், கருத்த முகமும் சாம்பல் முதுகுமாக மொத்தக் கூட்டமும் ஓடையைத் தாண்டிவிடும். அதே இடத்தில் ஒரு பெண் கல்லெறிந்தாலும், தகரத்தைத் தட்டினாலும், தொண்டை கிழியக் கத்தினாலும், அவை தலையைச் சாய்த்துப் பார்க்கும். பிறகு விட்ட இடத்திலிருந்து தின்னும்.

இதனால் ஒரு சங்கடம் உண்டு. ஆண் இருக்கும் வீட்டில் சோளம் முற்றுகிறது. இல்லாத வீட்டில் பால் பிடிக்கும்போதே போய்விடுகிறது. ஒரு வீட்டுக்காரர் ஊரில் இருக்கிறாரா இல்லையா என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. வேலியோரமாக நடந்துபோனால் போதும்.

எங்கள் வேலியோரமாக எல்லோரும் நடந்துபோகிறார்கள். பால் கொண்டுபோகும் வழி அதுதான்.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. மிளகாய்த் தூளைச் சாம்பலில் கலந்து பாத்திகளைச் சுற்றிப் போட்டோம். மழை வந்து அடித்துக்கொண்டு போனது. பழைய டயரைக் கொளுத்தினோம். எங்களுக்குத்தான் இருமல் வந்தது. கடைசியில் ஒரு பொம்மை செய்து நட்டோம். வீட்டில் இருந்தது அம்மாவின் பழைய கவுன் மட்டும்தான். அதைத்தான் போட்டுவிட்டோம். மறுநாள் ஒரு குட்டி அதன் தோளில் உட்கார்ந்து பூசணிப் பூவைத் தின்றுகொண்டிருந்தது. பால் கேனோடு போய்க்கொண்டிருந்த பக்கத்து வீட்டு வகோன்யோ அத்தை, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ரசித்துவிட்டுச் சொன்னாள்: "விருந்து பரிமாற ஒரு பொம்பளைய வேற நிக்க வச்சிட்டீங்களா? நல்ல மரியாதைதான்."

* அடிக்குறிப்பு போல ஒன்று: அம்மா விடிவதற்கு முன்பே தேயிலை பறிக்கப் போய்விடுவாள். காவல் என்னுடையது. ஒருநாள் பெரிய ஆண் குரங்கு ஒன்று பீன்ஸ் பாத்தியின் நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்து, என்னைப் பார்த்துத் தன்—

(இல்லை. இதை எழுத மாட்டேன். வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டேன் என்பது மட்டும் போதும். நான் வெளியே வந்தபோது பாத்தியில் ஒரு செடிகூட நிமிர்ந்து நிற்கவில்லை.)

4

கோட்டைப் பற்றி.

அது அப்பாவுடையது. பழுப்பு நிறம், கனமான துணி. இடது பையில் ஓட்டை. அப்பா நகுரு நகரத்துக்கு லாரி ஓட்டப் போனபோது ஆணியில் மாட்டியது, அங்கேயே இருந்தது. விருந்தாளிகள் உட்காரும் நாற்காலிக்கு நேர் எதிரே அந்த ஆணி. டீ குடிப்பவர்கள் அதைப் பார்த்துக்கொண்டேதான் குடிக்க வேண்டும். "கோட்டை விட்டுட்டுப் போன மனுசன் வராம எங்க போவாரு," என்று அம்மா சொல்வாள். எல்லோரும் தலையாட்டுவார்கள். சனிக்கிழமைகளில் அதைத் தட்டி, வழிப் பக்கத்துக் கொடியில் வெயிலுக்குப் போடுவாள். பின்பக்கம் நல்ல வெயில் அடிக்கும் கொடி ஒன்று சும்மா கிடக்கும்.

முதலில் சில கிறிஸ்துமஸ்களுக்கு அப்பா வந்தார். பிறகு கோட்டு மட்டும் இருந்தது.

பீன்ஸ் போன அன்று சாயங்காலம், அம்மா பாத்தியைப் பார்த்துவிட்டு வந்தாள். கை கழுவினாள். பிறகு ஆணியிலிருந்து கோட்டை எடுத்து என் மடியில் போட்டாள். அடியில் அவருடைய பேண்ட்டும், ஒரு தொப்பியும்.

"போட்டுப் பாரு," என்றாள். என்னைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்.

ஆணி வெறுமையாக இருந்தது. நாங்கள் இருவரும் அந்தப் பக்கம் பார்க்காமல் சாப்பிட்டோம்.

இனி எழுதப்போவதுதான் எனக்கு மிகவும் வெட்கமானது. அம்மாவைப் பற்றிய பேச்சைவிடவும் இதை எழுதக் கூசுகிறது. எனக்கு அந்தக் கோட்டு பிடித்திருந்தது.

முதல் நாள் காலை சோளத்துக்கு நடுவில் நின்று, ஆண்கள் இருமுவது போல அடிவயிற்றிலிருந்து இருமினேன். கூட்டம் முழுவதும் தோட்டத்து ஓரத்துச் சில்வர் ஓக் மரங்களுக்கு ஓடியது. நான் பையில் கை விட்டுக்கொண்டு நடந்தேன். என் கால்கள் அகலமாக விழுந்தன. ஒருமுறை துப்பினேன், காரணமே இல்லாமல். பள்ளியில் எழுந்து வாசிக்கச் சொன்னால் குரல் தொண்டையிலேயே செத்துப்போகும் பெண் நான். (பள்ளிக்கூடம் நின்றதற்கு அம்மா ஊரில் சொல்லும் காரணம் வேறு.) தோட்டத்தில் அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. சோளம் முற்ற ஆரம்பித்தது. கதிர்களின் மீசை பழுப்பானது.

வழியில் போகிறவர்கள் எங்கள் சோளத்தைப் பார்த்திருப்பார்கள். இதை நாங்கள் இருவரும் யோசிக்கவே இல்லை. குரங்குகளைத் துரத்தினால், வீட்டில் ஆண் இருக்கிறான் என்று தோட்டமே ஊருக்குச் சொல்லும் என்று.

5

அன்று மூடுபனி. வகோன்யோ அத்தையின் பால் கேன் சத்தம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் கேட்டது.

நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். தொப்பியைக் கழற்றி, "நான்தான் அத்தை," என்று சொல்ல வேண்டும். அவள் சிரித்திருப்பாள். பால் நிலையத்தில் வரிசையில் நிற்பவர்களிடம் சொல்லிச் சிரிக்கவைத்திருப்பாள். நியாகியோ பேண்ட் போட்டுக்கொண்டு குரங்கு விரட்டுகிறாள் என்று ஞாயிற்றுக்கிழமை வரை பேசிவிட்டு, பிறகு மறந்திருப்பார்கள்.

நான் குனிந்தேன்.

யோசித்துச் செய்யவில்லை. உடம்பு தானாக மடிந்தது. கேன் சத்தம் நின்றது.

"யாரது?" என்றாள்.

நனைந்த சோளத் தோகையில் முகத்தை வைத்துக்கொண்டேன். மூச்சை அடக்கிக்கொண்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அவளுடைய ரப்பர் பூட்ஸ் வேகமாக, வந்ததைவிட மிக வேகமாக, இறங்கிப் போனது.

(இந்த இடத்தில் முன்பு ஒரு நல்ல வாக்கியம் வைத்திருந்தேன், பயம் பற்றியது. அது பொய். எனக்கு நிம்மதியாக இருந்தது. தப்பித்துவிட்டதாக நினைத்தேன்.)

நான் குனிந்ததைப் பார்த்தது வகோன்யோ அத்தை மட்டுமல்ல. சில்வர் ஓக் மேலிருந்து குரங்குகளும் பார்த்துக்கொண்டிருந்தன. நான் நிமிர்வதற்குள் இறங்கி வந்துவிட்டன. ஒன்று எனக்குக் கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்து, முற்றிய கதிர் ஒன்றை ஒடித்து, அவசரமே இல்லாமல் உரித்தது. இருமினேன். என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, உரிப்பதைத் தொடர்ந்தது.

அன்றிலிருந்து அவை கோட்டுக்கும் பயப்படுவதில்லை.

6

வகோன்யோ அத்தையைப் பற்றி நான் எழுதியிருப்பது சரிதானா என்று சந்தேகமாக இருக்கிறது.

முதலில் அவளுக்கு மெல்லிய உதடும், எதையும் மோப்பம் பிடிக்கும் மூக்கும் கொடுத்திருந்தேன். கதைக்கு அப்படி ஒருத்தி வசதி. ஆனால் அவளுக்கு உருண்டை முகம். நான் காய்ச்சலில் கிடந்தபோது ஒவ்வொரு நாளும் பாலை வேலிக் கம்பத்தில் தொங்கவிட்டுப் போனவள் அவள்தான். பனிமூட்டத்தில் தன் தோழியின் தோட்டத்தில் ஒரு ஆள் பதுங்குவதைப் பார்த்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? அவள் பயந்திருப்பாள். பயத்தை ஒருவரிடம் சொல்லியிருப்பாள். சொன்னதும் அது அவளுடையதாக இல்லாமல் போயிருக்கும்.

ஆக, இந்தக் கதையில் கெட்டவர்கள் யாரும் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஒருத்தி இருந்திருந்தால் பழியை அவள் மேல் வைத்துவிட்டு இந்நேரம் முடித்திருப்பேன்.

7

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் இருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஒருத்தி வகோன்யோ அத்தை. இன்னொருவர் எங்கள் சபையின் பெண்கள் சங்கத் தலைவி நியாகுதீ அம்மா. பெரிய உடம்பு, மெதுவான பேச்சு. சங்கத்தில் சேர்ந்தவர்கள் தலையில் கட்டும் வெள்ளைத் துணியை ஒருவருக்குக் கொடுப்பதும் தள்ளிவைப்பதும் அவர் கையில். என் அம்மாவுக்கு அது தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. யாரும் காரணம் சொல்லவில்லை. "உங்க வீட்டுக்காரர் ஒருதடவ வந்துட்டுப் போகட்டும்," என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அம்மா பிரசங்கத்தின்போது எப்போதும் கடைசி வரிசையில் உட்கார்ந்து, முன்வரிசையின் வெள்ளைத் தலைகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

கோட்டு ஆணிக்குத் திரும்பியிருந்தது. விளிம்பில் சேறு. தோளில் சோளப் பூந்தூள். இருவரும் அதற்கு எதிரே உட்கார்ந்தார்கள். நான் டீ ஊற்றினேன்.

மழையைப் பற்றி, தேயிலைக்கு விலை இறங்கியதைப் பற்றி, யாருக்கோ பிறந்த இரட்டைப் பிள்ளைகளைப் பற்றிப் பேசினார்கள். பிறகு நியாகுதீ அம்மா கோப்பையைக் கீழே வைத்தார்.

"நான் சுத்தி வளைக்கல, நியாகியோ அம்மா. உங்க தோட்டத்துல ஒரு ஆளு ஒளிஞ்சத இவ பாத்திருக்கா. நல்லதுக்கு வந்தவன் எதுக்கு ஒளியணும்?"

"நான் யாருகிட்டயும் சொல்லல," என்றாள் வகோன்யோ அத்தை. "இவங்ககிட்ட மட்டுந்தான். அப்புறம் என் தங்கச்சிகிட்ட." ஆணியைப் பார்த்தாள். "அதுவும் கிதாய்காவோட கோட்டைப் போட்டுக்கிட்டு. எனக்கு நெஞ்சே அடைச்சுப்போச்சு."

கிதாய்கா என் அப்பா.

அம்மா என்னைப் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள் என்று எழுதினால் மிகையாகும். ஒரு சொட்டு நேரம். எனக்கு ஒரு வாக்கியம் சொல்ல அது போதுமான நேரம். நான் டீ கெட்டிலின் மூடியைச் சரிசெய்தேன். அது ஏற்கனவே சரியாகத்தான் இருந்தது.

"கிதாய்கா கோட்டைக் கிதாய்கா போடாம வேற யாரு போடுவா?" என்றாள் அம்மா.

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு நியாகுதீ அம்மா எழுந்து நின்றார். அந்தப் பெரிய உடம்பிலிருந்து அப்படி ஒரு குலவை வரும் என்று நான் நினைத்ததில்லை. கோழிகள் சிதறின.

"வந்துட்டாரா? வாயத் திறக்கலயே, கள்ளி."

"அப்புறம் எதுக்கு ஒளிஞ்சாராம்?" வகோன்யோ அத்தைக்கு இன்னும் தீரவில்லை.

"இத்தன வருஷம் கழிச்சு வர்ற மனுசன்," என்றாள் அம்மா, "விடிஞ்சும் விடியாம உன் மூஞ்சியிலயா முழிக்கணும்?"

மூவரும் சிரித்தார்கள். வகோன்யோ அத்தைதான் அதிகம் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. அவள் முகத்தில் அத்தனை நிம்மதி. அம்மாவின் கைகள் மடியில் ஒன்றையொன்று பிடித்திருந்தன.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அவர் எங்கே என்றார்கள். லாரியை விட்டுவிட்டு வரப் போயிருக்கிறார், சனிக்கிழமை வந்துவிடுவார் என்றாள் அம்மா. அப்படியானால் சனிக்கிழமை சங்கம் மொத்தமும் மாவும் சர்க்கரையும் எடுத்துக்கொண்டு பாட்டோடு வந்து அவரைப் பார்க்கும் என்றார் நியாகுதீ அம்மா. ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு வெள்ளைத் துணி. போகும்போது இருவரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "அப்பா வந்துட்டாருன்னு பேச்சே வரல பாரு பிள்ளைக்கு," என்றாள் வகோன்யோ அத்தை.

அவர்கள் வேலியைத் தாண்டியதும் அம்மா கோட்டை எடுத்து, சேற்றை நகத்தால் சுரண்டினாள்.

"சொல்லியிருக்கலாமே அம்மா," என்றேன்.

"என்னன்னு? எம்பொண்ணு ஆம்பள வேஷம் கட்டுறான்னா? நாளைக்கு உன்ன யாரு வந்து கேப்பா?"

அவள் சுரண்டிக்கொண்டே இருந்தாள். பிறகு கோபமே இல்லாமல் கேட்டாள்: "குரங்குக்கு முன்னாடி நிக்கிறவ, வகோன்யோ முன்னாடி நிக்க மாட்டியாடி?"

8

முடிவுகள்.

முதல் முடிவில் அப்பா வருகிறார். இதை மூன்று பக்கம் எழுதினேன். பேருந்து மேட்டில் மூச்சு வாங்கி நிற்கிறது. ஒருவர் இறங்குகிறார். காலணி, பேண்ட், சட்டைப் பொத்தான்கள், கழுத்துப்பட்டி வரை நன்றாக வந்தது. அதற்கு மேல் முகம் வைக்க முடியவில்லை. அவர் ஒரு கிறிஸ்துமஸுக்கு வந்தபோது எடுத்த புகைப்படத்தில் இருக்கும் முகத்தை வைத்தால் அது சிரித்துக்கொண்டே இருக்கிறது, எதைக் கேட்டாலும். கடைசியில் அவரைப் பேசவைத்துப் பார்த்தேன். கோட்டில் ஏன் சேறு என்று கேட்டார். கிழித்துவிட்டேன்.

இரண்டாவது முடிவில் நான் கோட்டையும் தொப்பியையும் போட்டுக்கொண்டு தோட்டத்தின் கடைக்கோடியில் முதுகைக் காட்டி நிற்கிறேன். "அதோ, குரங்கு விரட்டுறாரு, வெக்கப்படுறாரு," என்கிறாள் அம்மா. பெண்கள் தூரத்திலிருந்து குலவையிட்டுத் திரும்புகிறார்கள். இது நடக்காது. இங்கே கை குலுக்காமல் எந்த வருகையும் முடியாது. நியாகுதீ அம்மா பாத்திகளை மிதித்துக்கொண்டாவது வருவார். பிடித்த கையைச் சீக்கிரம் விடவும் மாட்டார். போன ஞாயிற்றுக்கிழமைதான் இந்தக் கையைப் பிடித்திருக்கிறார்.

நடக்காது என்று எழுதிவிட்டேன். ஆனால் இன்று காலை எழுந்தபோது கோட்டு ஆணியில் இல்லை. மடித்து என் படுக்கையின் கால்மாட்டில் இருந்தது. இடது பையின் ஓட்டை தைக்கப்பட்டிருந்தது. பேண்ட்டின் கீழ்விளிம்பு என் உயரத்துக்கு மடித்துத் தைக்கப்பட்டிருந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என்னிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள் இப்படித்தான் கேட்பாள்.

மூன்றாவது முடிவில் நான் உண்மையைச் சொல்கிறேன். "அது நான்தான்." எழுதும்போது எவ்வளவு சின்ன வாக்கியம். சொன்ன பிறகு என்ன ஆகும் என்றும் எழுதிப் பார்த்தேன். வெள்ளைத் தலைகள் எல்லாம் அம்மா பக்கம் திரும்புகின்றன. கெட்ட பெயர் போய்விடுகிறது. பொய்க்காரி என்ற பெயர் வருகிறது. ஆணியைப் பார்க்கிறார்கள். அப்பா வரவில்லை, வரப்போவதும் இல்லை என்பது மாவும் சர்க்கரையும் சுமந்து வந்த அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துவிடுகிறது. அம்மாவுக்கும்தான். அதன் பிறகு வகோன்யோ அத்தை சிரிக்கிறாளா, அம்மாவின் கையைப் பிடிக்கிறாளா என்று முடிவுசெய்ய முடியவில்லை. அவளுக்கு நான் கொடுத்த மூக்கைத் திரும்ப வாங்கிவிட்டதால், அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியவில்லை.

சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை எழுதத் தேவையில்லை. பாட்டுப் பாடிக்கொண்டு வருபவர்களுக்கு முன்னால் அம்மா தனியாக நிற்பாள்.

9

பீன்ஸ் வெந்துவிட்டது. சோளம் இன்னும் பல்லில் கடிபடுகிறது.

முடிவை எழுதாமல் விடுவது கெட்டிக்காரத்தனம் என்று நினைக்காதீர்கள். கெட்டிக்காரத்தனம் இருந்தால் அன்றைக்கே தொப்பியைக் கழற்றியிருப்பேன். இதுவும் ஒருவகைக் குனிதல்தான், எனக்குத் தெரியும்.

சில்வர் ஓக் மரத்தில் சத்தம் ஆரம்பித்துவிட்டது. மிச்சமிருக்கும் கதிர்களுக்காகக் குரங்குகள் இப்போது பகலிலும் வருகின்றன. அம்மா முதுகில் ஈரத் துணிக் கூடையோடு ஓடையிலிருந்து ஏறிக்கொண்டிருக்கிறாள். அவள் வருவதற்குள் யாராவது தோட்டத்துக்குப் போயாக வேண்டும். நான் போகிறேன். கோட்டைப் போட்டுக்கொண்டுதான் போகிறேன். அது ஒன்றுதான் தைத்துத் தயாராக இருக்கிறது. தொப்பியை மட்டும் இங்கே வைத்துவிட்டுப் போகலாமா என்று பார்க்கிறேன்.

இதைப் படிக்கிற நீங்கள் எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. எப்போதாவது எங்கள் வேலியோரமாக வந்தால், சோளத்துக்குள் ஒரு பழுப்புக் கோட்டைப் பார்த்தால், தயவுசெய்து வேகமாகப் போய்விடாதீர்கள். நின்று, யாரது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் இன்னொரு முறை கேளுங்கள்.

வகோன்யோ அத்தை ஒரே ஒரு முறைதான் கேட்டாள்.